பன்றித் தோல், கொழுப்பு: மின்கடத்துத்திறன் அளக்கப் போனா எண் நிற்கவே மாட்டேங்குது

தோல்பாவை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். உடம்பின் மேல் எலக்ட்ரோடு ஒட்டி இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு வர்ற மொத்தத் தடை) அளக்கும் ஒரு கருவிக்கு கணினி மாதிரி தயார் பண்ணிட்டிருக்கேன். அதில் அடுக்கடுக்கா தோல், கொழுப்பு, தசை வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு மின்கடத்துத்திறன் எண் கொடுக்கணும். பன்றித் திசுவை வெச்சு நானே அளந்துடலாம்னு இறங்கினேன். தசையைக்கூட ஒரு வழியா சமாளிச்சாச்சு. தோலும் கொழுப்பும் பாடாய்ப் படுத்துது.

இரண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவுல துண்டை வெச்சு மல்டிமீட்டரில் ஓம் பார்த்தா, எண் ஏறிக்கிட்டே போகுது. கம்பியை மாத்திக் குத்தினா வேற எண். விரலால் லேசா அழுத்தினா அதுவும் வேற. சரி, மத்தவங்க அளந்ததைப் பார்ப்போம்னு தேடினா, தோலுக்கு ஒருத்தர் சொல்றதுக்கும் இன்னொருத்தர் சொல்றதுக்கும் நூறு மடங்கு வித்தியாசம். இதில் எதை நம்புறது? எந்த முறையில், எந்த அதிர்வெண்ணில் அளக்கணும்?

---

பழைய பாட்டரி எழுதியது:

தம்பி, முதல்ல அந்த மல்டிமீட்டரை ஓரமா வையுங்க. அது அனுப்புறது நேர்மின்னோட்டம். கம்பிக்குள்ள ஓடுறது எலக்ட்ரான், திசுவுக்குள்ள ஓடுறது சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகள். எலக்ட்ரான் திசுவுக்குள் வராது, அயனி தகட்டுக்குள் போகாது. அதனால ரெண்டும் சந்திக்கிற இடத்தில் மின்னேற்றம் போய்க் குவியும். குவியக் குவிய அது எதிர் மின்னழுத்தமா நின்னு மின்னோட்டத்தைத் தடுக்கும். உங்க எண் ஏறிக்கிட்டே போறதுக்குக் காரணம் இதுதான். திசு மாறலை, தகட்டின் முகம் மாறுது.

கம்பியை மாத்தினா எண் மாறுறதுக்கும் காரணம் பக்கத்துலயே இருக்கு. ஒரே ஸ்டீல் தகட்டை ரெண்டா வெட்டினாலும் ரெண்டு முகமும் ஒண்ணு போல இருக்காது. ஈரத்தில் வெச்சா அதுகளுக்கு நடுவுல சின்னதா ஒரு பாட்டரி உருவாகிடும். மீட்டர் அந்த மின்னழுத்தத்தை ஒரு பக்கம் கூட்டிக்கும், மறு பக்கம் கழிச்சுக்கும்.

கரைசல்களின் கடத்துத்திறனை அளக்க மாறுமின்னோட்டத்தையும் பிளாட்டினக் கரும்பொடி பூசின எலக்ட்ரோடையும் கோல்ராஷ் 19ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்துட்டார். உங்க கையில் இருக்கிற ஈரத் திசுவும் பெரும்பாலும் ஒரு கரைசல்தான், கொஞ்சம் சிக்கலான கரைசல்.

---

ஓம்விதி எழுதியது:

ஐயா சொன்னதுக்கு மேல நான் கருவிப் பக்கம் சேர்க்கிறேன். மின்தடையையும் மின்தேக்கத்தையும் மாறுமின்னோட்டத்தில் அளக்கிற நல்ல எல்சிஆர் மீட்டர் அல்லது இம்பீடன்ஸ் அனலைசர் வேணும். அதைவிட முக்கியம், நாலு எலக்ட்ரோடு முறை. வெளியே இருக்கிற ரெண்டு எலக்ட்ரோடு வழியா மின்னோட்டத்தை அனுப்புங்க, உள்ளே இருக்கிற ரெண்டில் மின்னழுத்தத்தைப் பாருங்க. உள் ஜோடி வழியா மின்னோட்டமே கிட்டத்தட்ட ஓடாது. அதனால ஐயா சொன்ன அந்த முகப்புத் தொல்லை உங்க அளவில் விழாது. ரெண்டே எலக்ட்ரோடு வெச்சுக்கிட்டு 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வர்ற எண்ணை நான் நம்ப மாட்டேன். அதிர்வெண் ஏறினா முகப்புத் தொல்லை குறையும், ஆனா வேற தொல்லை வரும். 1 மீட்டர் கோஆக்சியல் கேபிளுக்கு சுமார் 100 பிகோஃபாரட் இருக்கும். 1 மெகாஹெர்ட்ஸில் அது 1.6 கிலோ ஓமுக்குச் சமம். உங்க கொழுப்புத் துண்டே அந்த அளவுதான் காட்டும்.

எப்படின்னு கேட்டா, கொழுப்புக்கு ஏத்துக்கிட்ட அளவு 100 கிலோஹெர்ட்ஸில் மீட்டருக்கு சுமார் 0.024 சீமென்ஸ் (கடத்துத்திறனின் அலகு இதுதான்). 1 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள துண்டுன்னா

மின்தடை = தடிமன் ÷ (கடத்துத்திறன் × பரப்பு) = 0.005 ÷ (0.024 × 0.0001) ≈ 2080 ஓம்.

ஒப்பிட்டுப் பாருங்க. 100 கிலோஹெர்ட்ஸில் தசை சுமார் 0.36. ரத்தம் 0.7. 0.9% உப்புக்கரைசல் அறை வெப்பத்தில் சுமார் 1.5. காய்ந்த தோல் 0.00045தான். இந்த எண்கள் திசுக்களின் மின் பண்புகளை அளந்த கேப்ரியல் குழு 1996இல் ‘ஃபிசிக்ஸ் இன் மெடிசின் அண்ட் பயாலஜி’ இதழில் போட்ட மூணு கட்டுரைகளிலிருந்து வந்த மாதிரியைச் சார்ந்தவை. சிமுலேஷன் செய்றவங்க பெரும்பாலும் அங்கேதான் போய் நிப்பாங்க.

---

சும்மா வந்தவன் எழுதியது:

தெரியாமத்தான் கேக்கறேன். கொழுப்புன்னா எண்ணெய்தானே? எண்ணெய் மின்சாரம் கடத்தாதே? டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே எண்ணெய்தானே ஊத்தறாங்க. அப்புறம் 0.024 எங்கேயிருந்து வந்துச்சு?

---

கொட்டில் எழுதியது:

நல்ல கேள்வி. கால்நடை மருத்துவர்ங்கிற முறையில் நான் பதில் சொல்றேன். கொழுப்பு வேற, கொழுப்புத் திசு வேற. ஒரு கொழுப்பு செல்லை எடுத்துக்கிட்டா பெரும்பாலும் 50 முதல் 150 மைக்ரோமீட்டர் விட்டம். அதில் முக்கால்வாசிக்கு மேல ஒரே ஒரு எண்ணெய்த் துளி. சைட்டோபிளாசமும் உட்கருவும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மெல்லிய தோடு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். மின்சாரம் இந்தத் துளிக்குள் போகாது, நீங்க சொன்னது சரி. ஆனா செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல உப்பு கலந்த திரவம் இருக்கு, நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கு, இணைப்புத் திசு இழைகள் இருக்கு. மின்னோட்டம் அந்தச் சந்துகள் வழியாத்தான் நெளிஞ்சு போகுது. தசையில் முக்கால்வாசி தண்ணி, கொழுப்புத் திசுவில் அதில் ஒரு சின்னப் பங்குதான். அதான் 0.36க்கும் 0.024க்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி.

கேள்வி கேட்டவருக்கு ஒண்ணு. பன்றி முதுகுக் கொழுப்பைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. ஒரே வெள்ளையாத் தெரியாது. நடுவுல தோலுக்கு இணையா ஒரு மங்கலான கோடு ஓடும். அது மெல்லிய இணைப்புத் திசுச் சவ்வு. அதுக்கு மேல வெளி அடுக்கு, கீழே உள் அடுக்கு. சில விலங்குகளில் மூணாவது அடுக்கும் இருக்கும். உங்க துண்டு அந்தக் கோட்டைத் தாண்டி வெட்டப்பட்டதா, ஒரே அடுக்கிலிருந்து வந்ததான்னு குறிச்சுக்கோங்க. கோட்டுக்குக் குறுக்கே அளக்கிறதும் நீளவாக்கில் அளக்கிறதும் ஒண்ணா வரணும்னு கட்டாயம் இல்லை. துண்டின் ஒரு மூலையில் இளஞ்சிவப்பா தசை இழை ஒட்டிட்டிருந்தா அந்தத் துண்டையே ஒதுக்கிடுங்க. கொஞ்சூண்டு தசைகூட மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்துடும்.

இன்னும் ஒண்ணு: திசுவை ஃப்ரீசரில் வெச்சீங்களா? உறைஞ்சு உருகினா பனிப்படிகம் செல் சவ்வுகளைக் கிழிச்சுடும். தாழ்ந்த அதிர்வெண்ணில் கடத்துத்திறன் பொய்யா ஏறும். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டு போதும், உறையக் கூடாது. உப்புக்கரைசலில் நனைச்சுப் பிழிஞ்ச துணியில் சுத்தி வையுங்க. கரைசலில் முக்கி வைக்காதீங்க, ஊறிடும்.

---

தோல்பாவை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எல்சிஆர் மீட்டர் கிடைச்சிருக்கு. நாலு எலக்ட்ரோடு கலம் இன்னும் தயாரா இல்லை, அதனால 10 கிலோஹெர்ட்ஸில் ரெண்டு தகடு வெச்சே ஒரு சுற்று பார்த்தேன். வட்டமா வெட்டின கொழுப்புத் துண்டை அக்ரிலிக் குழாயில் வெச்சு, ரெண்டு பக்கமும் 0.9% உப்புக்கரைசலில் நனைச்ச வடிதாள் வெச்சு, அதுக்கு மேல தகடு. கொழுப்பு 0.024க்கு வரலை, அதைப்போல மூணு மடங்கு வருது. தோல் அதைவிடக் குழப்பம். கேப்ரியல் அட்டவணையில் இருக்கிற ‘காய்ந்த தோல்’ அளவைவிட ரொம்ப ரொம்ப அதிகமா, கிட்டத்தட்ட ‘ஈரத் தோல்’ வரிசைக்கே போயிடுது. மேற்பரப்பை நல்லாத் துடைச்சுத்தான் வெச்சேன். ஃப்ரீசரில் வைக்கலை.

---

ஓம்விதி எழுதியது:

மூணு மடங்குன்னு பார்த்ததும் எனக்குச் சந்தேகம் குழாய்ச் சுவர் மேலதான். கொழுப்புத் துண்டுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல கரைசல் ஒழுகி ஒரு மெல்லிய படலமா நிக்கும். அது எவ்வளவு கடத்தும்னு போட்டுப் பார்ப்போம்.

படலம் 0.1 மில்லிமீட்டர்தான்னு வெச்சுக்குவோம். கண்ணுக்கே தெரியாது. 1 சதுர சென்டிமீட்டர் வட்டத்தின் சுற்றளவு 3.54 சென்டிமீட்டர். ஆக படலத்தின் குறுக்குப் பரப்பு சுமார் 3.5 சதுர மில்லிமீட்டர். கரைசல் 1.5, தடிமன் 5 மில்லிமீட்டர். மின்தடை சுமார் 940 ஓம்.

கொழுப்புத் துண்டு 2080 ஓம். பக்கத்தில் 940 ஓம் ஓடை. கொழுப்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல மின்னோட்டம் சுவரோரமாப் போகுது! ரெண்டையும் இணையா வெச்சுக் கணக்குப் போட்டா சுமார் 650 ஓம். அதைக் கொழுப்பின் எண்ணுன்னு நம்பினா 0.077 வரும். நீங்க சொன்ன மூணு மடங்கு.

தசையில் இந்தப் பிழை தெரியாமப் போனதுக்கும் காரணம் இதேதான். அங்கே திசுவே தாராளமாக் கடத்துறதால ஓடையின் பங்கு சின்னது. கடத்துத்திறன் குறைஞ்ச திசுவை உப்புக்கரைசலோடு சேர்த்து அளக்கிறது, வெள்ளம் போற ஆத்துக்கு நடுவுல நின்னு குழாய்க் கசிவை அளக்கிற மாதிரி.

செய்ய வேண்டியது: துண்டின் பக்கவாட்டை வடிதாளில் ஒத்தி எடுங்க, அப்புறம் வாசலின் மெல்லிசா தடவுங்க. முகப்பு ரெண்டிலும் படாம பார்த்துக்கோங்க, பட்டா அங்கே மின்காப்பு ஆகிடும். குழாயைவிட ஒரு பொட்டு பெரிசா துண்டு வெட்டி இறுக்கமா நுழைக்கிறதும் உதவும்.

---

கொட்டில் எழுதியது:

தோல் பத்தி ஒரே கேள்வி. அந்தத் தோல் எப்படி வந்தது? இறைச்சிக்கூடத்தில் மயிர் எடுத்துச் சுத்தம் பண்ணி வந்ததா, இல்லை மயிரோட வந்ததா?

---

தோல்பாவை எழுதியது:

மயிர் இல்லாம, வெள்ளை வெளேர்னு சுத்தமாத்தான் வந்துச்சு டாக்டர். அதனால வேலை மிச்சம்னு நினைச்சேன்.

---

கொட்டில் எழுதியது:

உங்க விடை அதில்தான் இருக்கு. மயிர் எடுக்க, கொன்ற பன்றியைச் சுமார் 60 டிகிரி வெந்நீரில் முக்கி, பிறகு இயந்திரத்தில் போட்டுச் சுரண்டுவாங்க. அதில் மயிர் மட்டும் போறதில்லை. மேல்தோலும் உரிஞ்சு வந்துடும், அல்லது அங்கங்கே பிஞ்சு நிக்கும். தோலின் மின்தடையில் பெரும்பங்கைத் தாங்குறதே மேல்தோலின் உச்சியில் இருக்கிற இறந்த செல் அடுக்கு. தடிமன் 10, 20 மைக்ரோமீட்டர்தான். கெரட்டின் நிறைஞ்ச தட்டையான செல்கள், அதுகளுக்கு நடுவுல கொழுப்புப் பூச்சு. அது போயிடுச்சுன்னா மிஞ்சுறது ஈரமான, கொலாஜன் நிறைஞ்ச அடித்தோல். அது தசை அளவுக்கு இல்லாட்டியும் நல்லாவே கடத்தும். நீங்க அளந்தது தோலைத்தான், ஆனா கதவு கழன்ற தோல்.

தோல் வழியா மருந்து ஊடுருவுறதை ஆராயறவங்க வெந்நீரில் முக்காத தோல் வேணும்னு முன்கூட்டியே கேட்டு வாங்குறது இதுக்காகத்தான். முக்குறதுக்கு முன்னாடி எடுத்த காதுத் தோலை அவங்க நிறையப் பயன்படுத்துவாங்க. மயிரைச் சவரம் பண்ணாதீங்க, கிளிப்பரால் கத்தரிங்க. சவரக்கத்தியும் அந்த அடுக்கைக் கொஞ்சம் சீவிடும். இறைச்சிக்காக ஏற்கெனவே கொல்லப்பட்ட விலங்கிலிருந்து எடுத்தாலும் உங்க நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுதி வாங்கிடுங்க, பின்னாடி கட்டுரை அனுப்பும்போது கேப்பாங்க.

---

நுண்ணளவை எழுதியது:

டாக்டர் சொன்னதை ஒரு சர்வதேசப் பரிசோதனை முறையாவே எழுதி வெச்சிருக்காங்க. ஓஇசிடிங்கிற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 430ஆம் வழிகாட்டி. ஒரு ரசாயனம் தோலை அரிக்குமான்னு பார்க்க எலித் தோல் வட்டுகளின் மின்தடையை அளப்பாங்க. வட்டு சுமார் 20 மில்லிமீட்டர் விட்டம், டெஃப்லான் குழாயின் முனையில் ரப்பர் வளையத்தால் மாட்டி, இணைப்பில் வாசலின் பூசுவாங்க. ஓம்விதி சொன்ன அதே வாசலின்தான், காரணமும் அதேதான். உள்ளேயும் வெளியேயும் மக்னீசியம் சல்ஃபேட் கரைசல். 50 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை, 1–3 வோல்ட் மாறுமின்னோட்டப் பாலம் (மின்தடை அளக்கிற சுற்று).

எலிகளை 28–30 நாள் வயசில் எடுக்கச் சொல்றாங்க. அந்த வயசில் மயிர்க்கால்கள் ஓய்வு நிலையில் இருக்கும். மயிர்க்கால் வழியாவும் மின்னோட்டம் குறுக்குவழி பிடிக்கும்ங்கிறதை வெச்சுப் பார்த்தா இந்த வயசுக் கட்டுப்பாடு புரியும். பரிசோதனைக்கு முன்னாடி அந்தத் தோலிலிருந்து ரெண்டு வட்டு எடுத்து அளப்பாங்க. 10 கிலோ ஓமுக்கு மேல காட்டாட்டி அந்தத் தோலே தகுதியில்லை. ரசாயனம் பட்ட பிறகு 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினா தடுப்புச்சுவர் உடைஞ்சிருக்கலாம்னு அடுத்த கட்டச் சோதனைக்குப் போவாங்க.

தோல்பாவைக்கு இதில் எடுத்துக்க வேண்டியது அந்தத் தகுதிச் சோதனை. ஒவ்வொரு துண்டுக்கும் முதல்ல மின்தடை பாருங்க, சந்தேகமானதைத் தள்ளுங்க, அப்புறம்தான் பல அதிர்வெண்களில் வரிசையா அளக்கிற அதிர்வெண் ஓட்டம்.

---

ஓம்விதி எழுதியது:

இப்ப எனக்கு ரொம்ப நாளா உள்ள ஒரு ஆதங்கம். தோலுக்கு ‘மீட்டருக்கு இத்தனை சீமென்ஸ்’னு ஒரே எண் கொடுக்கிறதே தப்புன்னு நான் சொல்வேன்.

1 கிலோஹெர்ட்ஸில் காய்ந்த தோலுக்கு 0.0002ன்னு போட்டிருக்கு. 2 மில்லிமீட்டர் தோல், 1 சதுர சென்டிமீட்டர்னா 100 கிலோ ஓம். அந்த 100 கிலோ ஓமும் ஏறக்குறைய மேலே இருக்கிற 15 மைக்ரோமீட்டரில் உட்கார்ந்திருக்கு. அந்த அடுக்கின் தடிமனை மட்டும் போட்டுக் கணக்குப் பண்ணினா 0.0000015 வரும். அதே அளவீடு, அதே மீட்டர், ரெண்டு விடை. நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். முதல் கேள்வியில் தம்பி கேட்ட நூறு மடங்கில் பாதிக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. அதே மேல்தோல், ஆனா அடித்தோல் ரெண்டு மடங்கு தடிமன் உள்ள வயசான பன்றின்னு வையுங்க. மின்தடை அதேதான். ஆனா 4 மில்லிமீட்டரால் பெருக்கிக் கணக்குப் போட்டா ‘கடத்துத்திறன்’ ரெண்டு மடங்காயிடும்! தோல் நல்லாக் கடத்தத் தொடங்கிடுச்சுன்னு எழுதிடலாமா?

---

பழைய பாட்டரி எழுதியது:

ஓம்விதி, கோபம் நியாயம், தீர்ப்பு கொஞ்சம் அதிகம். சிமுலேஷன் பண்றவருக்கு 15 மைக்ரோமீட்டர் அடுக்கைத் தனியா சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு வலை போடச் சொன்னா அவர் கணினி மூச்சுத் திணறும். முழுத் தோலையும் ஒரே சீரான பொருளா எடுத்துக்கிட்டு, எந்தத் தடிமனுக்கு அந்த எண் பொருந்தும்னு பக்கத்துலேயே எழுதிட்டா அது நேர்மையான கணக்குதான். மண்ணியல்காரர்கள் பல அடுக்கையும் ஒரே சீரான பொருளா எடுத்துக்கிட்டு வர்ற எண்ணை ‘தோற்றத் தடைத்திறன்’னு தெரிஞ்சேதான் எழுதுறாங்க, யாரும் அவங்களை ஏமாத்துக்காரங்கன்னு சொல்றதில்லை.

---

ஓம்விதி எழுதியது:

ஐயா, தடிமனை எழுதினா நானும் ஒத்துக்கறேன். யார் எழுதறா? அட்டவணையில் அந்த எண் மட்டும்தான் பயணம் பண்ணுது. தோலுக்கு நான் கேக்கறது ஓம் × சதுர சென்டிமீட்டர், அதாவது மின்தடையைப் பரப்பால் பெருக்கின எண். தடிமன் சண்டையே வராது. சிமுலேஷனிலும் அதை மெல்லிய இடைமுக அடுக்கா நேரடியாப் போடலாம், வலை போடவே வேண்டாம். நல்ல மென்பொருள்களில் அதுக்கு வசதி இருக்கு.

---

தோல்பாவை எழுதியது:

என் மென்பொருளில் அந்த வசதி இருக்கு, இப்பத்தான் பார்த்தேன். அப்ப தோலுக்கு ஓம் × சதுர சென்டிமீட்டர், கொழுப்புக்கு வழக்கமான எண். 50 கிலோஹெர்ட்ஸ்தான் என் கருவி ஓடுற அதிர்வெண். மீட்டர் காட்டுற மொத்த இம்பீடன்ஸை அப்படியே எடுத்துக்கலாமா?

---

நுண்ணளவை எழுதியது:

தோலுக்கு எடுத்துக்கவே கூடாது. கொழுப்புக்குப் பெரிய சேதம் இல்லை.

காரணம்: திசுவில் மின்னோட்டம் ரெண்டு விதமாப் போகும். அயனி நகர்றது ஒண்ணு. சவ்வுகள் மின்தேக்கி மாதிரி ஏறி இறங்குறது இன்னொண்ணு. 100 கிலோஹெர்ட்ஸில் கொழுப்புக்கு ரெண்டாவது பங்கு முதலாவதில் ஏறக்குறைய 2% தான். அதே அதிர்வெண்ணில் காய்ந்த தோலுக்கு ஒப்பு மின்விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டு மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) ஆயிரத்தைத் தாண்டும், கடத்துத்திறனோ 0.00045. கணக்குப் போட்டா மின்தேக்கிப் பங்கு கடத்தல் பங்கைவிட பத்து மடங்குக்கு மேல! அங்கே தோல் ஒரு மின்தடையே இல்லை, ஓட்டை விழுந்த கெப்பாசிட்டர். மொத்த இம்பீடன்ஸைத் தலைகீழாக்கி கடத்துத்திறன்னு எழுதினா பத்து மடங்கு பொய். 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினா நிலைமை மாறும், அங்கே கடத்தல் பங்குதான் பெரிசு.

அதனால அளவையும் கட்டக் கோணத்தையும் (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் நடுவுல உள்ள விலகல்) சேர்த்தே எடுங்க. மீட்டரில் இணை மின்தடை, இணை மின்தேக்கம்னு ரெண்டாப் பிரிச்சுக் காட்டுற நிலை இருக்கும், அதில் வையுங்க. உங்க 50 கிலோஹெர்ட்ஸுக்கு ரெண்டும் வேணும்.

---

சும்மா வந்தவன் எழுதியது:

எல்லாத்துக்கும் அட்டவணை இருக்குன்னா எதுக்கு இவ்வளவு பாடு? அதிலிருந்து எடுத்துப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே.

---

கொட்டில் எழுதியது:

அந்த அட்டவணையின் வெட்டியெடுத்த திசுக்களில் பெரும்பகுதி செம்மறி ஆட்டுடையது, கொஞ்சம் பன்றி, கொஞ்சம் மனிதப் பிரேதப் பரிசோதனைத் திசு. தோல் அளவுகள் உயிருள்ள மனிதர் மேல எடுத்தவை. கொழுப்புக்கே அதில் ரெண்டு வரிசை இருக்கு, ஒண்ணு சுத்தக் கொழுப்பு, இன்னொண்ணு ரத்தக்குழாயும் மத்ததும் ஊடுருவின சராசரிக் கொழுப்பு. 100 கிலோஹெர்ட்ஸில் முதலாவது 0.024, ரெண்டாவது 0.043. நல்லாக் கொழுத்த விலங்கின் கொழுப்பில் தண்ணி குறைவு, மெலிஞ்சதில் அதிகம். உங்க பன்றி எந்தப் பக்கம்னு அட்டவணை எப்படிச் சொல்லும்?

அதே குழுவைச் சேர்ந்தவங்களே 2009இல் 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அளவுகளுக்காகத் தனிக் கட்டுரை போட்டாங்க. தாழ்ந்த அதிர்வெண் அவ்வளவு வழுக்கல்.

நேரமும் கணக்கில் வரும். உயிர் போனதும் செல்லின் அயனி பம்புகள் நிக்கும், செல் உப்பும், சந்து குறுகும். தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்தடை முதல்ல ஏறும். பிறகு சவ்வு சிதைஞ்சு இறங்கும். தசையில் இது பளிச்சுன்னு தெரியும், கொழுப்பில் அவ்வளவு இல்லை. எத்தனை மணிக்கு வெட்டினது, எத்தனை மணிக்கு அளந்ததுன்னு எழுதி வையுங்க. வெப்பநிலையும். அயனிக் கரைசல் ஒரு டிகிரிக்கு சுமார் 2% ஏறும், 25க்கும் 37க்கும் நடுவுல கால் பங்கு போயிடும். தவிர பன்றிக் கொழுப்பு அறை வெப்பத்தில் விறைச்சு நிக்கும். எலக்ட்ரோடு அதோட முழுசா ஒட்டாது. 37க்குக் கொண்டுவந்தா குழைஞ்சு ஒட்டும்.

---

ஓம்விதி எழுதியது:

கொழுப்புக்குக் குழாய் வேண்டாம்னு இப்ப எனக்குத் தோணுது. பெரிய கொழுப்புக் கட்டி கிடைக்கும்ல? ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நாலு ஊசி. மண்ணின் தடைத்திறனுக்காக வென்னர் 1915இல் சொன்ன ஏற்பாடு. கரைசலே வேண்டாம், சுவரே இல்லை, ஓடையும் இல்லை.

கடத்துத்திறன் = 1 ÷ (2 × பை × இடைவெளி × மின்தடை)

இடைவெளி 2 மில்லிமீட்டர்னா, 0.024 உள்ள கொழுப்பு சுமார் 3300 ஓம் காட்டணும். நிபந்தனை மூணு. ஊசி ஆழமாப் போகக் கூடாது, இடைவெளியில் சின்னப் பங்குதான் உள்ளே இருக்கணும், நுனியைத் தவிர மத்ததுக்கு வார்னிஷ் காப்பு. கட்டியின் ஆழமும் பக்கமும் இடைவெளியைப் போலப் பல மடங்கு இருக்கணும், இல்லாட்டி கீழே இருக்கிற மேசையும் கணக்கில் வந்துடும். அந்த மங்கலான கோட்டுக்கு மேலேயோ கீழேயோ ஒரே அடுக்கில் குத்துங்க.

ஏற்பாடு சரியான்னு பார்க்க பொட்டாசியம் குளோரைடு கரைசல். 25 டிகிரியில் 0.01 மோலார் கரைசல் மீட்டருக்கு 0.1413 சீமென்ஸ், 0.001 மோலார் 0.0147. கொழுப்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல விழும், அதனால ரெண்டையும் அளங்க. வெறும் 0.9% உப்புக்கரைசலில் மட்டும் சரிபார்த்தா பயனில்லை, அது கொழுப்பைவிட அறுபது மடங்கு கடத்தும்.

இன்னொரு சோதனை இலவசமாக் கிடைக்கும். 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பாருங்க. கொழுப்பு கிட்டத்தட்டத் தட்டையா 0.022, 0.025ன்னு நிக்கும். தசை அதே தூரத்தில் 0.32இலிருந்து 0.5 வரை ஏறும். உங்க கொழுப்பு வரைபடம் ஏறினா தசை ஒட்டியிருக்கு. தாழ்ந்த பக்கத்தில் திடீர்னு சரிஞ்சா எலக்ட்ரோடு.

---

தோல்பாவை எழுதியது:

ஊசி ஏற்பாடு வேலை செய்யுது! ரெண்டு பொட்டாசியம் குளோரைடு கரைசலும் சரியாக் காட்டுது. கொழுப்பு 37 டிகிரியில் 0.03ஐ ஒட்டி, அதிர்வெண் ஏறினாலும் தட்டையாத்தான் இருக்கு. வெளி அடுக்கும் உள் அடுக்கும் கொஞ்சம் வேற வேற, ஆனா கலந்து போறதில்லை. வெந்நீரில் முக்காத காதுத் தோலுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்.

இப்ப புதுத் தொல்லை ஒண்ணு. கொஞ்ச நேரம் குத்திக் குத்தி எடுத்த பிறகு அதே இடத்திலேயே எண் ஆட ஆரம்பிக்குது, தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிகமா. ஊசி எல்லாம் குளோரைடு பூசின வெள்ளி.

---

நுண்ணளவை எழுதியது:

ஊசி நுனியை லென்ஸில் பாருங்க. 37 டிகிரியில் கொழுப்பு உருகி நுனியில் மெழுகு மாதிரி படிஞ்சிருக்கும். வெறும் தண்ணியில் கழுவினா போகாது. சோப்புக் கரைசலில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, கடைசியா அயனி நீக்கிய தண்ணி. சாம்பல் கலந்த ஊதாப் பூச்சு திட்டுத் திட்டாப் போயிருந்தா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மின்னோட்டம் விட்டு மறுபடி குளோரைடு ஏத்திடுங்க. சில குத்துகளுக்கு ஒரு தடவை 0.001 மோலார் கரைசலில் நனைச்சு எண்ணைப் பாருங்க. அது நகர்ந்திருந்தா கழுவ வேண்டிய நேரம் வந்தாச்சு.